வயல் மண்ணில் கிடைத்த பாக்டீரியாவுக்குக் காப்புரிமை?

வயல் மண்ணிலிருந்து நீங்கள் பிரித்தெடுத்த பேசில்லஸ் பாக்டீரியாவுக்குக் காப்புரிமை வாங்கலாமா, அதற்குள் ஜெர்மனியில் இருக்கும் ஜெர்மன் நண்பருக்கு ஒரு குப்பி அனுப்பலாமா என்று கேட்டிருந்தீர்கள்.

குப்பி ஃப்ரீசரிலேயே இருக்கட்டும். 2002 உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டப்படி நுண்ணுயிரும் உயிரியல் வளம்தான். வெளிநாட்டவர் கைக்குப் போக, சென்னையில் உள்ள தேசிய உயிரியல் பன்முகத்தன்மை ஆணையத்தின் முன் அனுமதி வேண்டும். கூரியரில் போட்டுவிட்டு அப்புறம் கேட்டால் வம்புதான்.

காப்புரிமையா? இயற்கையில் இருப்பதைக் கண்டெடுத்ததற்கு, காப்புரிமைச் சட்டத்தின் 3(சி) பிரிவு இடம் தராது. மரபணுவை மாற்றியிருந்தாலோ, அதை வைத்துப் புதுச் செய்முறை கண்டிருந்தாலோ முயன்று பார்க்கலாம். அப்போது சண்டிகர் எம்டிசிசி போன்ற நுண்ணுயிர்ச் சேகரிப்பகத்தில் மாதிரியை ஒப்படைக்க வேண்டியிருக்கும், அதுவும் விண்ணப்பம் போடும் தேதிக்குள். பலரும் கோட்டை விடுவது இங்கேதான்.