காரணம் கேட்கலாமா அம்மா?

(வேலை, கூலி, பணியிடம் குறித்து தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட வாசகர்கள் அனுப்பிய கேள்விகளும் பதில்களும். பதில் எழுதுபவர் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில், வருகையும் சம்பளமும் கணக்குப் பார்க்கும் டைம் ஆபீஸில் பதினெட்டு ஆண்டுகள் வேலை பார்த்தவர். அங்கிருந்தபடியே அஞ்சல்வழியில் பொருளாதாரத்தில் முதுகலை முடித்தவர். காவேரிப்பட்டணத்தில் வசிக்கிறார்.)

கேள்வி: இரண்டு வருடமாக ஒரு கம்பெனியில் பேக்கிங் பிரிவில் இருக்கிறேன். எனக்குப் பிறகு சேர்ந்த பையனுக்கு என்னைவிட மாதம் 1,200 ரூபாய் அதிகம் என்று போன மாதம்தான் தெரிந்தது. இரண்டு பேருக்கும் ஒரே மேசை, ஒரே வேலை. அதிலிருந்து எனக்குக் கையே ஓடவில்லை. “அடுத்தவன் இலையை ஏன் எட்டிப் பார்க்கிறாய்” என்று அம்மா திட்டுகிறாள். எனக்கு வந்திருப்பது பொறாமையா அம்மா?
— வாசகி, போச்சம்பள்ளி

பதில்: இல்லம்மா. பொறாமை இல்லை. இதை உறுதியாகச் சொல்ல எனக்கு இரண்டு சாட்சி உண்டு. ஒன்று நான் உட்கார்ந்திருந்த ஜன்னல், இன்னொன்று ஒடிசாவில் நடந்த ஓர் ஆய்வு.

மாதம் ஏழாம் தேதி டைம் ஆபீஸ் ஜன்னல் வழியாகச் சம்பளச் சீட்டு கொடுப்பது என் வேலை. வாங்கியதும் நாலாக மடித்து டிபன் பைக்குள் செருகிக்கொண்டு போய்விடுவார்கள். யாரும் யாரிடமும் காட்டுவதில்லை. ஆனாலும் மதியச் சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் யாருக்கு எவ்வளவு என்று லைன் முழுக்கத் தெரிந்திருக்கும். ஒரு முறை, ஒரே நாளில் சேர்ந்த இரண்டு பெண்களுக்கு நாள் கூலியில் நாலு ரூபாய் வித்தியாசம் வந்துவிட்டது. நாலே ரூபாய். குறைவாக வாங்கியவள்தான் அந்தப் பிரிவிலேயே கை வேகமானவள். அதுவரை ஒரு நாள்கூட லீவு போடாதவள், அடுத்த மாதம் ஆறு நாள் வரவில்லை. கேட்டதற்கு “உடம்பு முடியலக்கா” என்றாள். நானும் அப்படியே நம்பி மெடிக்கல் லீவு என்று எழுதி வைத்தேன். அவள் நோய் அந்தச் சீட்டில் இருந்தது என்று எனக்குப் புரிய வெகுகாலம் ஆனது.

எமிலி பிரேசா, சுப்ரீத் கவுர், யோகிதா ஷம்தாசானி என்ற மூன்று பொருளாதார ஆய்வாளர்கள் ஒடிசாவில் 378 தொழிலாளர்களை ஒரு மாதம் வேலைக்கு வைத்தார்கள். 2018ல் ஆய்வு வெளியானது. விளக்குமாறு, ஊதுவத்தி, கயிறு மாதிரியான எளிய பொருள்கள், குழுவுக்கு மூன்று பேர், நாள் கூலி. சில குழுக்களில் மூவருக்கும் ஒரே கூலி. சில குழுக்களில் வேலைத் திறனை வைத்துக் கொஞ்சம் கொஞ்சம் ஏற்ற இறக்கம். இப்போது இரண்டு பேரை எடுத்துக்கொள். இருவர் கைக்கும் வருவது ஒரே தொகை. ஒருவர் சமக்கூலிக் குழுவில் இருக்கிறார். இன்னொருவர், பக்கத்தில் இருப்பவர் தன்னைவிட அதிகம் வாங்குகிற குழுவில் இருக்கிறார். இந்த இரண்டாமவர் மாதிரி ஆட்களிடம் உற்பத்தி சரிந்தது, வேலைக்கு வருவதே 18 சதவீதப் புள்ளி, அதாவது நூறு வேலை நாளுக்குப் பதினெட்டு நாள், குறைந்தது. வராத நாளுக்குக் கூலி கிடையாது. அது தெரிந்தும் வீட்டில் இருந்தார்கள். ஒரு மனிதர் சோற்றை விட்டுக்கொடுத்துக் காட்டுகிற எதிர்ப்புக்குப் பொறாமை என்று பெயர் வைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை.

அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. யார் எவ்வளவு செய்கிறார் என்று எல்லார் கண்ணுக்கும் நன்றாகத் தெரிகிற வேலைகளில் கூலி வித்தியாசம் யாரையும் இப்படிப் பாதிக்கவில்லை. காரணம் எதிரிலேயே இருந்தது, ஏற்றுக்கொண்டார்கள். இதைப் படித்த அன்று எனக்கு என் அம்மா நினைவுதான் வந்தது. புளி சீசனில் அவள் மண்டிக்குக் கொட்டை எடுக்கப் போவாள். ஓட்டைத் தட்டி நீக்கி, நாரை இழுத்து, கொட்டையைப் பிதுக்கித் தள்ளி, சுளையைத் தட்டில் போட்டுக்கொண்டே பேசுவார்கள். கிலோ கணக்கில் கூலி. சாயங்காலம் எல்லார் கண்ணெதிரிலும் எடை போடுவார்கள். வேகமாக எடுப்பவள் அம்மாவைப் போல ஒன்றரை மடங்கு வாங்குவாள். அவள்மேல் அம்மாவுக்கு ஒரு நாளும் மனக்கசப்பு இருந்ததில்லை. தராசு சரியாக நிற்கிறதா என்று மட்டும் குனிந்து பார்ப்பாள்.

நீயும் தராசைத்தான் பார்க்கிறாய். ஆகவே அந்தப் பையனிடம் முகம் காட்டாதே, அவன் ஒரு பாவமும் அறியான். “எனக்கும் அவருக்கும் வேலை ஒன்றே, கூலி வேறாக இருப்பதற்குக் காரணம் என்ன” என்று மேலதிகாரியிடம் எழுத்தில் கேள், ஒரு நகல் வைத்துக்கொள். முடிந்தால் உன்னைப் போன்ற இன்னும் இரண்டு பேரோடு சேர்ந்து கேள். அவன் ஐ.டி.ஐ. முடித்தவனாக இருக்கலாம், இரவு ஷிஃப்ட் பார்ப்பவனாக இருக்கலாம். அப்படியானால் அதை உன்னிடம் சொல்லட்டும். ஆண் என்பதுதான் காரணமென்றால் அது சட்டத்துக்கு விரோதம். ஒரே வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே ஊதியம் என்று 1976லேயே சட்டம் வந்தாயிற்று. அம்மாவிடம் நான் சொன்னதாகச் சொல்: ஒரே பந்தியில் உட்கார வைத்துவிட்டு ஒரு இலைக்கு மட்டும் வடை வைக்காமல் போனால், பரிமாறுகிறவரைக் கூப்பிட்டுக் கேட்பதில் தப்பே இல்லை.

கேள்வி: மகன் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் முடித்து இரண்டு வருடம் ஆகிறது. நூறு இடத்துக்காவது விண்ணப்பித்திருப்பான். இவனைவிட மதிப்பெண் குறைந்தவனெல்லாம் தெரிந்தவர் மூலம் உள்ளே போய்விட்டான். ஒரு புரோக்கர் இரண்டு லட்சம் கொடுத்தால் நிரந்தர வேலை என்கிறார். நிலத்தை அடகு வைக்கலாமா?
— வாசகர், அரூர்

பதில்: வேண்டாம் ஐயா. நிலத்தைத் தொடாதீர்கள். புரோக்கர் கொடுத்த துண்டுச் சீட்டோடு கேட் வாசலில் வந்து நின்ற பையன்களை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பெயரில் உள்ளே ஒரு அதிகாரியே இருக்க மாட்டார். செக்யூரிட்டி திருப்பி அனுப்பும்போது அந்தப் பிள்ளைகளின் முகம் போகிற போக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது.

ஆனால் தெரிந்தவர் மூலமாகத்தான் வேலை போகிறது என்று நீங்கள் சொல்வது உண்மை. நம் ஊரில் மட்டும் இல்லை. அமெரிக்காவில் மார்க் கிரானோவெட்டர் என்ற சமூகவியலாளர், பாஸ்டனுக்குப் பக்கத்தில் நியூட்டன் என்ற ஊரில், வேலை மாறிய படித்த ஆண்களிடம் எப்படி வேலை கிடைத்தது என்று விசாரித்தார். பாதிக்கு மேற்பட்டவர்கள் தெரிந்தவர் மூலம் என்றார்கள். அந்தத் தெரிந்தவரை எவ்வளவு அடிக்கடி பார்ப்பீர்கள் என்று அவர் அடுத்துக் கேட்டதில்தான் விஷயம் இருக்கிறது. அடிக்கடி பார்ப்பவர் மூலம் வேலை பெற்றவர்கள் 17 சதவீதம்கூட இல்லை. மற்றவர்களுக்கெல்லாம் எப்போதாவது பார்க்கிற ஆள், பல வருடம் பார்க்காத பழைய ஆள். 1973ல் அவர் எழுதிய கட்டுரை இன்றும் பேசப்படுகிறது. காரணம் எளிது. மகனோடு தினம் டீக்கடையில் உட்காருகிற நாலு பேருக்கும் மகனுக்குத் தெரிந்ததே தெரியும், அவர்களும் வேலை தேடுகிறவர்கள். புதுச் செய்தி வேறு வட்டத்திலிருந்துதான் வரவேண்டும்.

கல்லூரியில் அவனுக்கு மூன்று வருடம் முந்தி முடித்தவர்கள், இன்டர்ன்ஷிப் போன இடத்து மேஸ்திரி, ஓசூரில் ரூம் எடுத்துத் தங்கியிருக்கும் தூரத்து உறவு, இவர்களின் எண்ணை ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். “வேலை வாங்கிக் கொடுங்கள்” என்று கேட்க வேண்டாம், “உங்கள் பக்கம் ஆள் எடுக்கிறார்களா, என்ன கேட்கிறார்கள்” என்று கேட்கட்டும். கூச்சம் வரும். பத்துப் பேரிடம் கேட்டபின் போய்விடும்.

இதைப் படிக்கிற கம்பெனி அதிகாரிகளுக்கும் ஒன்று. லோரி பீமன், ஜெரமி மக்ரூடர் இருவரும் கொல்கத்தாவில் நடத்திய ஆய்வு 2012ல் வந்தது. ஆள் கூட்டி வந்தாலே பணம் என்றபோது சொந்தக்காரர்களை அழைத்து வந்தார்கள். கூட்டி வரப்பட்டவர் வேலையை நன்றாகச் செய்தால்தான் முழுப் பணம் என்றபோது, உறவினர் எண்ணிக்கை குறைந்து, தங்களோடு வேலை செய்தவர்களை அழைத்து வந்தார்கள். சிபாரிசை ஒழிக்க முடியாவிட்டாலும் சிபாரிசுக்குப் பொறுப்பு வைக்கலாம். புரோக்கருக்கு அந்தப் பொறுப்பு கிடையாது, அவர் பணம் முதல் நாளே அவர் பையில்.

கேள்வி: என் பெயரையும் ஊரையும் பார்த்தே விண்ணப்பத்தை ஒதுக்குகிறார்களோ என்று தோன்றுகிறது. இது என் கற்பனையா?
— பட்டதாரி, ஊத்தங்கரை

பதில்: கற்பனை என்று சொல்லி உங்களை நான் ஏமாற்ற மாட்டேன். சுகதேவ் தோரட், பால் அட்டவெல் இருவரும் 2005 அக்டோபரில் தொடங்கி 66 வாரம், நம் நாட்டு ஆங்கில நாளிதழ்களில் வந்த தனியார் வேலை விளம்பரங்களுக்கு விண்ணப்பம் அனுப்பினார்கள். 548 வேலைகள், 4,808 விண்ணப்பங்கள். படிப்பும் அனுபவமும் ஒன்றுபோல, பெயர் மட்டும் வேறு. உயர்சாதி இந்துப் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்போடு ஒப்பிட்டால் தலித் பெயருக்கு மூன்றில் இரண்டு பங்கு, முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்கு. நேரில் ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. அழைப்பு வரவில்லை, அவ்வளவுதான். இதற்கு முன்பு மரியான் பெர்ட்ராண்டும் நம் தமிழ்ப் பெயர்க்காரர் செந்தில் முல்லைநாதனும் அமெரிக்காவில் இதே முறையில் செய்து 2004ல் வெளியிட்டார்கள். அங்கே கறுப்பினப் பெயருக்கு 15 விண்ணப்பத்துக்கு ஒரு அழைப்பு, வெள்ளையர் பெயருக்கு 10க்கு ஒன்று.

பெயரை மாற்றிக்கொள்ளுங்கள் என்று நான் எழுதமாட்டேன். எழுத்துத் தேர்வு, செய்முறைத் தேர்வு வைத்து ஆள் எடுக்கும் இடங்களுக்கு முதலிடம் கொடுங்கள். அங்கே கையும் தாளும் பேசும். டி.என்.பி.எஸ்.சி.யை விட்டுவிடாதீர்கள். இரவில் தூக்கம் வராமல் “என்னிடம் என்ன குறை” என்று கேட்டுக்கொள்கிறீர்கள் என்று கடிதத்தின் பின்பக்கம் எழுதியிருக்கிறீர்களே, அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டிய இடம் நீங்கள் இல்லை தம்பி.

கேள்வி: பிளஸ் டூ முடித்த மகளுக்கு ஓசூர் பக்கம் ஹாஸ்டலோடு வேலை வந்திருக்கிறது. “பொண்ணை கம்பெனிக்கு அனுப்பி உட்கார்ந்து சாப்பிடப் போறாங்க” என்று உறவில் பேசுகிறார்கள். அனுப்பலாமா?
— ஒரு தாய், பாலக்கோடு

பதில்: அவளுக்கு விருப்பமா என்று நீங்கள் எழுதவில்லை. முதலில் அதைக் கேளுங்கள். விருப்பமென்றால் அனுப்புங்கள். 2019-20 தொழிற்சாலைக் கணக்கெடுப்பின்படி, நாடு முழுவதும் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் 43 சதவீதம் பேர் தமிழ்நாட்டில்தான் இருக்கிறார்கள். உங்கள் மகள் தனியாகப் போகவில்லை.

ராபர்ட் ஜென்சன் டெல்லியைச் சுற்றிய 160 கிராமங்களில் ஓர் ஆய்வு செய்தார். பாதிக் கிராமங்களுக்கு மூன்று வருடம் ஆள் அனுப்பி, கால் சென்டர் மாதிரி வேலைகளில் பெண்கள் எப்படிச் சேர்வது என்று சொல்லிக் கொடுக்க ஏற்பாடு. அந்த ஊர்களில் 15 முதல் 21 வயதுப் பெண்கள் வேலைக்குப் போனார்கள், கல்யாணத்தைத் தள்ளிப் போட்டார்கள், மேலே படித்தார்கள். வேலைக்குப் போகும் வயது வராத சிறுமிகளைக்கூடப் பள்ளியில் கூடுதலாக வைத்திருந்தார்கள். நம் மாவட்டங்களில் குழந்தைத் திருமணம் எவ்வளவு பெரிய ரணம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதனால்தான் இந்த ஆய்வை நான் போகிற இடமெல்லாம் சொல்கிறேன்.

ஆனால் நீங்களே கூடப் போய்ப் பாருங்கள். ஒரு அறைக்கு எத்தனை பேர், கழிப்பறையில் உள்பக்கத் தாழ்ப்பாள் இருக்கிறதா, இரவு ஷிஃப்ட் முடிந்தால் பஸ் அறை வாசல் வரை வருமா. பாலியல் தொல்லைக்கு எதிரான 2013 சட்டப்படி பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் எந்த இடத்திலும் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். அதில் யார் யார் என்று கேட்டுப் பெயர்களை அவள் நோட்டில் எழுதிக் கொடுங்கள். வங்கிக் கணக்கு அவள் பெயரில், ஏ.டி.எம். அட்டை அவள் கையில். உறவினர் பேச்சுக்கு அதுவே பதில்.

கேள்வி: கான்ட்ராக்டர் பி.எஃப். பிடிக்கிறார். கட்டுகிறாரா என்று தெரியவில்லை.
— வாசகர், காரிமங்கலம்

பதில்: யு.ஏ.என். என்பது பி.எஃப். உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் தரப்படும் எண். அது இல்லாமல் பிடித்தம் செய்தால் சந்தேகப்படுங்கள். எண் இருந்தால் உமங் செயலியில் பாஸ்புக் பாருங்கள். உங்கள் 12 சதவீதமும் அதே அளவு முதலாளி பங்கும் (அதில் ஒரு பகுதி பென்ஷன் கணக்கில் தனியாகத் தெரியும்) மாதாமாதம் விழுந்திருக்க வேண்டும். விழவில்லை என்றால் பி.எஃப். அலுவலகத்தில் புகார் கொடுங்கள். கான்ட்ராக்டரை வைத்திருக்கும் கம்பெனியும் பொறுப்பிலிருந்து தப்ப முடியாது.

கேள்வி: லைன் சூப்பர்வைசராக இருக்கிறேன். என் கீழே 40 பேர், பெரும்பாலும் பெண்கள். கத்தாவிட்டால் டார்கெட் வருவதில்லை. மேலிருந்து எனக்கும் கத்தல்தான் வருகிறது. வீட்டில் குழந்தையிடமும் அதே குரல் வருகிறது. என்ன செய்வது?
— வாசகர், ஓசூர்

பதில்: தம்பி, இந்த வாரம் வந்ததில் என்னை நிறுத்திய கடிதம் உங்களுடையது. கத்துகிற எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். “என்ன செய்வது” என்று கேட்டவர்கள் குறைவு.

வராதவர்களுக்கு மஸ்டர் ரோலில் சிவப்பு மையில் குறி போடுவேன். ஒரு லைனில் மட்டும் சில நாட்களில் பக்கம் முழுக்கச் சிவப்பாக இருக்கும். காய்ச்சல், ஊர்த் திருவிழா என்று பலதும் நினைத்தேன். பிறகு பார்த்தால் ஒவ்வொன்றும் பெரிய கத்தல் நடந்த நாளுக்கு மறுநாள். கத்திய அன்று டார்கெட் வந்திருக்கும், அதைத்தான் மேலே பார்த்தார்கள். மறுநாள் ஐந்து பேர் வராமல் போன கணக்கு என் பதிவேட்டில் இருந்தது. இரண்டையும் யாரும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை. நானும் எடுத்துச் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

அச்யுதா அத்வர்யு, தெரசா மோலினா, அனந்த் நிஷாதம் மூவரும் நம் நாட்டு ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளில் ஒன்று கண்டார்கள். சம்பள உயர்வு எதிர்பார்த்த அளவு வரவில்லை, எல்லோருக்கும் ஏமாற்றம். அந்த நேரத்தில் ஒரு பகுதித் தொழிலாளர்களிடம் மட்டும், பெயர் கேட்காமல், வேலையைப் பற்றியும் சூப்பர்வைசரைப் பற்றியும் மனதில் இருப்பதைச் சொல்லச் சொன்னார்கள். சம்பளம் ஒரு பைசா கூடவில்லை. இருந்தும் கேட்கப்பட்டவர்களில் வேலையை விட்டுப் போனவர்கள் குறைவு. அதிகம் ஏமாந்திருந்தவர்களிடம்தான் இந்த மாற்றம் அதிகம். பெங்களூரில் இன்னொரு ஆய்வு: ஆடைத் தொழிற்சாலைகளில் பழைய டியூப் லைட்டை எடுத்துவிட்டு எல்.இ.டி. போட்டார்கள், மின்சாரம் மிச்சமாகட்டும் என்று. விளக்கின் சூடு குறைந்ததால் வெயில் நாட்களில் உற்பத்தியே கூடியது. யோசித்துப் பாருங்கள், அதுவரை அந்த லைன்களில் எத்தனை சூப்பர்வைசர்கள் “மெதுவா செய்றே” என்று கத்தியிருப்பார்கள்.

நாளை ஷிஃப்ட் தொடங்கும்முன் ஐந்து நிமிடம் எடுத்துக்கொள்ளுங்கள். வேலை எந்த மேசையில் தேங்குகிறதோ அந்த மேசைப் பெண்ணிடமே ஏன் என்று கேளுங்கள், உட்கார்ந்து கேளுங்கள். சொல்வதை அவள் கண்முன்னே எழுதுங்கள். செய்ய முடிந்ததைச் செய்யுங்கள். முடியாதது எதுவோ, அது ஏன் முடியாது என்று அந்த வாரத்துக்குள் அவளிடம் போய்ச் சொல்லுங்கள். டைம் ஆபீஸில் போய் உங்கள் லைனின் வருகைக் கணக்கையும் கேட்டு வாங்குங்கள், கொடுப்பார்கள். ஒரு மாதம் கழித்து அந்தக் கணக்கோடு எனக்கு மறுபடி எழுதுங்கள். குழந்தை எப்படி இருக்கிறது என்றும் எழுதுங்கள்.