‘எனக்கென்னமோ…’ என்று ஆங்கிலத்தில் எப்படித் தொடங்குவது?

கருத்துச் சொல்லும்போது ஆங்கிலத்தில் முதல் நாலு சொல் வருவதற்குள் திணறிப்போகிறோம் என்று பல ஊர்களிலிருந்து எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கேள்விகளை மட்டும் இந்த முறை ஒன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேனுங்க. துணி வாங்கும் வெளிநாட்டு பையரோடு வீடியோ காலில் பேசினால் வாக்கியத்துக்கு வாக்கியம் ‘ஐ திங்க்’ தான் வருகிறது. வேறு என்னென்ன சொல்லலாம்? (திருப்பூர்)

‘ஐ திங்க்’ தப்பே இல்லை. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுகிறவர்களும் அதைத்தான் அதிகம் சொல்கிறார்கள். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. உறுதியாகத் தெரிந்ததற்கும் ‘ஐ திங்க்’, குத்துமதிப்பாகச் சொல்வதற்கும் ‘ஐ திங்க்’ என்றால், எதை நம்பி ஆர்டரை முடிவு செய்வது என்று பையருக்குப் புரியாது.

சாயம் போகாது என்று லேப் ரிப்போர்ட் கையில் இருக்கிறதா? அங்கே ‘ஐ திங்க்’ வேண்டாம். ‘தி டெஸ்ட் ரிப்போர்ட் ஷோஸ்’ என்று தொடங்குங்கள். பல வருடம் செய்து பார்த்துத் தெரிந்த விஷயம் என்றால் ‘இன் அவர் எக்ஸ்பீரியன்ஸ்’. மனதில் ஒரு பயம் இருக்கிறது, ஆனால் மறுத்துப் பேச விரும்பவில்லை என்றால் ‘மை ஒன்லி கன்செர்ன் இஸ்’. வெறும் ஊகம்தான் என்றால் ‘மை கெஸ் இஸ்’.

ஒரு உதாரணம். வெள்ளை டி-ஷர்ட்டுக்கு 140 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில்) துணி போதும் என்கிறார் பையர். போட்டால் உள்ளே இருப்பது தெரியும் என்பது உங்களுக்குத் தெரியும். இப்படிச் சொல்லிப் பாருங்கள்: ‘இன் அவர் எக்ஸ்பீரியன்ஸ், 140 இஸ் எ பிட் தின் ஃபார் ஒயிட். மை ஒன்லி கன்செர்ன் இஸ் தட் இட் மே பி ஸீ-த்ரூ. ஹவ் அபவுட் 160?’ முதலில் அனுபவம், அடுத்து கவலை, கடைசியில் யோசனை. மூன்றும் தனித்தனியாகக் காதில் விழுகிறது. பையர் ஒத்துக்கொள்ளாவிட்டாலும், நீங்கள் எந்த இடத்தில் நிற்கிறீர்கள் என்பது அவருக்குத் தெளிவாகத் தெரியும்.

குரூப் டிஸ்கஷனில் ‘அக்கார்டிங் டு மீ’ என்று தொடங்கினேன். நண்பன் தப்பு என்கிறான். உண்மையா மேடம்? (கோவை, கல்லூரி மாணவர்)

நம் நாட்டில் எல்லோரும் சொல்கிறார்கள், எல்லோருக்கும் புரியவும் செய்கிறது. ஆனால் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் ‘அக்கார்டிங் டு’ என்பது அடுத்தவர் சொன்னதை எடுத்துச் சொல்லத்தான்: டாக்டர் சொன்னபடி, பேப்பரில் வந்தபடி, விதிப்படி. சொந்தக் கருத்துக்கு ‘இன் மை ஒபினியன்’ போதும். நண்பர்களுக்குள் என்றால் ‘இஃப் யூ ஆஸ்க் மீ’. ‘இன் மை ஒபினியன், ஐ திங்க்’ என்று இரண்டையும் சேர்த்துச் சொல்லாதீர்கள், ஏதாவது ஒன்று போதும்.

ஐ.டி. கம்பெனியில் வேலை. வெளிநாட்டு மேனேஜர் சொல்வது சரிவராது என்று தெரிந்தும் வாயைத் திறக்க முடியவில்லை. நேரடியாகச் சொன்னால் மரியாதைக் குறைவாகிவிடுமோ என்று பயம். (கோவை, சரவணம்பட்டி)

உங்கள் பயம் எனக்கு நன்றாகப் புரிகிறது. நம்ம பக்கம் ‘இல்லீங்க, அது சரிவராதுங்க’ என்று சொன்னால், மறுப்பும் வந்துவிடும், மரியாதையும் கூடவே வந்துவிடும். அந்த ‘ங்க’ எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறது. ஆங்கிலத்தில் அப்படி ஒட்டிக்கொள்ள ஒன்றும் இல்லை. அதனால் வாக்கியத்தைத் தொடங்கும் விதத்திலேயே மரியாதையைக் காட்டியாக வேண்டும். ‘தட் இஸ் ராங்’ என்று மொட்டையாகச் சொன்னால் காரமாகத்தான் விழும்.

‘ஐ ஸீ வாட் யூ மீன், பட்…’ என்றால் அவர் சொன்னதைக் காதில் வாங்கிக்கொண்டீர்கள் என்று பொருள். ‘ஐ யம் நாட் ஸோ ஷ்யூர் அபவுட் தட்’ என்பது பார்க்கச் சந்தேகம் மாதிரி இருக்கும், ஆனால் கேட்பவருக்கு அது மறுப்பு என்று தெரியும். ‘கேன் ஐ ரைஸ் ஒன் பாயிண்ட்?’ என்று அனுமதி கேட்டும் நுழையலாம்.

அப்புறம், இதைக் கட்டாயம் பழகுங்கள். நாம் ‘அது வேலைக்கு ஆகாதுன்னு நினைக்கிறேன்’ என்போம். அதே வரிசையில் ‘ஐ திங்க் இட் வில் நாட் ஒர்க்’ என்று சொன்னால் இலக்கணப் பிழை இல்லை, ஆனால் முடிவு கட்டிவிட்ட மாதிரி ஒலிக்கும். எதிர்மறையை முன்னால் கொண்டுவந்து ‘ஐ டோன்ட் திங்க் இட் வில் ஒர்க்’ என்று சொல்வதுதான் அவர்கள் வழக்கம். இந்த ஒரு மாற்றமே பேச்சை நிறைய மென்மையாக்கும்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. ‘வித் ட்யூ ரெஸ்பெக்ட்’ என்பதில் மரியாதை என்ற சொல் இருக்கிறதே என்று எடுத்துப் பேசிவிடாதீர்கள். குறிப்பாக பிரிட்டிஷ்காரர்கள் காதில் அது ‘நீங்கள் சொல்வது சுத்தமாகத் தவறு’ என்பதற்கு முன்னுரை.

நர்சிங் முடித்துவிட்டு ஐயெல்ட்ஸ் என்ற ஆங்கிலத் திறன் தேர்வுக்குத் தயாராகிறேன். கருத்துச் சொல்லும் தொடர்கள் ஐம்பதை மனப்பாடம் செய்யச் சொல்கிறார்கள். உதவுமா? (ஈரோடு)

ஐம்பது வேண்டாம்மா. ஆறேழு போதும், ஆனால் அவை தூக்கத்தில் எழுப்பினாலும் வர வேண்டும்.

பேச்சுத் தேர்வு மொத்தமே 11 முதல் 14 நிமிடம். அதில் கருத்துக் கேட்டுத் தோண்டுவது மூன்றாவது பகுதி, 4 அல்லது 5 நிமிடம். தடையில்லாத கோவையான பேச்சு, சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு என்று நான்குக்கும் சம மதிப்பு. அழகான தொடக்கத்தைப் போட்டுவிட்டு அடுத்த வாக்கியத்தில் தடுமாறினால், அந்தத் தொடக்கம் ஒட்டவைத்தது என்று தேர்வாளருக்கு உடனே தெரிந்துவிடும்.

உங்களுக்கு நிஜமாக உதவுவது யோசிக்க நேரம் வாங்கித் தரும் தொடர்கள். ‘ஐ ஹாவ்ன்ட் ரியலி தாட் அபவுட் இட், பட் ஐ’ட் சே…’ என்று சொல்லும் இரண்டு மூன்று விநாடியில் மனம் பதிலைத் தேடிக்கொள்ளும். பதில் வந்ததும் காரணம், அப்புறம் உங்களுக்குத் தெரிந்த ஊரிலிருந்தே ஒரு உதாரணம். பழைய கைத்தொழில்களைக் காப்பாற்றணுமா என்று கேட்டால், தெரியாத ஐரோப்பாவைத் தேடிப் போகாதீர்கள். பவானி ஜமுக்காளம் பக்கத்திலேயே இருக்கிறது. அதற்குப் புவிசார் குறியீடும் உண்டு. குறியீடு கிடைத்தாலும் தறியில் உட்கார இளைஞர்கள் வருகிறார்களா என்று நீங்களே ஒரு கேள்வியை எழுப்பி, ‘தட்ஸ் வொய் ஐ பிலீவ்…’ என்று கருத்தை முடிக்கலாம்.

வெளிநாட்டு கஸ்டமருக்கு ‘ஐ சஜெஸ்ட் யூ டு டேக் லோ ஈசி பிளாக்ஸ்’ (லோ ஈசி என்றால் உப்பு குறைந்தது) என்று எழுதினேன். சரிதானுங்களா? (பொள்ளாச்சி, நார்க்கழிவு பிளாக் ஏற்றுமதி)

அந்த ‘டு’வை எடுத்துவிடுங்கள். ‘ஐ சஜெஸ்ட் யூ டேக்’ என்பதுதான் சரி. இன்னும் இயல்பாக வேண்டுமென்றால் ‘இஃப் இட்ஸ் ஃபார் சீட்லிங்ஸ், ஐ’ட் கோ ஃபார் லோ ஈசி’. நாற்றுக்கு உப்பு குறைந்த நார்க்கழிவுதான் நல்லது என்று உங்களுக்குத் தெரியும். ‘நானாக இருந்தால் இதைத்தான் எடுப்பேன்’ என்று சொன்ன மாதிரி இருக்கும், உத்தரவு போட்ட மாதிரி இருக்காது.

என் மகள் எதற்கெடுத்தாலும் ‘ஆக்சுவலி’ என்றே ஆரம்பிக்கிறாள். திருத்தலாமா? (கோபி)

எதிராளி நினைத்ததிலிருந்து விஷயம் வேறாக இருந்தால் ‘ஆக்சுவலி’ பொருந்தும். ‘ஆர் யூ ஃப்ரம் சென்னை?’ என்று கேட்டால் ‘ஆக்சுவலி, ஐ யம் ஃப்ரம் கோபி’ என்பது மிகச் சரி. பெயர் என்ன என்று கேட்டதற்கு ‘ஆக்சுவலி, மை நேம் இஸ்’ என்றால் அது தேவையில்லை. பேசும்போது நடுவில் நிறுத்தித் திருத்தாதீர்கள், வாயே திறக்காமல் போய்விடுவாள். சாயங்காலம் சாவகாசமாக இந்த இரண்டு உதாரணத்தையும் சொல்லிக் காட்டுங்கள், போதும்.