பி.எட். தொடங்க இரண்டு மாதம் இருக்கிறது: எதைப் படிப்பது, எதைத் தள்ளிவைப்பது?

கேள்வி: மன்னார்குடிப் பக்கம் கிராமம். ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ் வழி. இப்போது பி.எஸ்சி. கணிதம் முடித்துவிட்டு பி.எட். சேர இருக்கிறேன். வகுப்பு தொடங்க இரண்டு மாதம் இருக்கிறது. அதற்குள் உளவியல் கைடு வாங்கிப் படிக்கலாமா, டெட் (ஆசிரியர் தகுதித் தேர்வு) கோச்சிங் சேரலாமா? பி.எட்.டை ஆங்கில வழியில் எடுத்தால்தான் மதிப்பு என்கிறார்கள். சரியா?

பதில்: கைடும் கோச்சிங்கும் இப்போதைக்கு வேண்டாம். ஆறிலிருந்து பத்து வரையுள்ள கணக்குப் புத்தகங்கள், பக்கத்து வீட்டில் கணக்குப் போடும் ஒரு பிள்ளை, எழுதிப் பழக ஒரு கரும்பலகை, இந்த மூன்றும் இரண்டு மாதத்துக்குச் சரியாக இருக்கும். அதற்கு முன் பயிற்று மொழி விஷயத்தை முடித்துவிடுவோம். அதில் தவறினால் பிறகு திருத்த வழியில்லை.

தமிழக அரசுப் பணி நேரடி நியமனங்களில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 விழுக்காடு முன்னுரிமை உண்டு. சட்டம் 2010இல் வந்தது. 2020இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு, பட்டம் மட்டும் தமிழ் வழி என்றால் போதாது. பள்ளியிலிருந்து அந்தப் பணிக்கு உரிய தகுதி வரை முழுவதும் தமிழ் வழியாக இருக்க வேண்டும். பட்டதாரி ஆசிரியர் பணிக்கு பி.எட்.டும் உரிய தகுதிதான். இத்தனை வருடம் கட்டிக்காத்த சங்கிலியைக் கடைசிக் கண்ணியில் நீங்களே அறுத்துவிடாதீர்கள். தமிழ் வழியிலேயே சேருங்கள். தொடக்கப் பள்ளி, உயர்நிலைப் பள்ளி, கல்லூரி என்று படித்த ஒவ்வொரு இடத்திலும் தமிழ் வழிச் சான்றை இந்த விடுமுறையிலேயே வாங்கி வையுங்கள். தொடக்கப் பள்ளிச் சான்றில்தான் பெரும்பாலும் தாமதமாகும். பழைய சேர்க்கைப் பதிவேட்டைத் தேடி எடுத்துத்தான் எழுதித் தர வேண்டியிருக்கும். ஆங்கிலம் வேண்டாம் என்று இதற்குப் பொருள் இல்லை. கலைச்சொற்களைத் தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் ஒரே நோட்டில் எழுதி வந்தால் போதுமானது.

கல்லூரியைப் பொறுத்தவரை, உங்கள் பக்கத்தில் ஒரத்தநாட்டில் அரசு கல்வியியல் கல்லூரி இருக்கிறது. கலந்தாய்வில் முதலில் அதற்கு முயலுங்கள். தனியார் கல்லூரி என்றால் என்.சி.டி.இ. (தேசிய ஆசிரியர் கல்விக் குழு) அங்கீகாரமும் தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகத்தின் இணைப்பும் அந்தக் கல்வியாண்டுக்கு இருக்கிறதா என்று பாருங்கள். “தினமும் வர வேண்டாம், பரீட்சைக்கு மட்டும் வந்தால் போதும்” என்று யாராவது சொன்னால் அங்கே சேராதீர்கள். 2014ஆம் ஆண்டு விதிமுறைப்படி பி.எட். இரண்டு வருடம், ஆண்டுக்குக் குறைந்தது 200 வேலை நாள், வகுப்புக்கு 80 விழுக்காடு, பள்ளிப் பயிற்சிக்கு 90 விழுக்காடு வருகை கட்டாயம். வராமல் வாங்கும் பட்டம் உங்களைக் கொண்டுபோய் நிறுத்துவது நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால். பாதிப்பு அவர்களுக்கு.

இனி படிப்பு. கணித மாணவர்கள் பி.எட்.டில் தடுமாறும் முதல் இடம் உளவியல் அல்ல, ஆறாம் வகுப்புக் கணக்கு. மூன்று வருடம் குலம், வளையம் என்று உயர் இயற்கணிதம் படித்த கைக்கு, பின்னத்தை ஏன் தலைகீழாக்கிப் பெருக்குகிறோம் என்று பதினொரு வயதுப் பிள்ளைக்குச் சொல்ல வராது. “அப்படித்தான் செய்யணும்” என்று தாண்டிவிடுவார்கள். நீங்கள் பாடம் நடத்துவதைப் பார்க்க வந்திருக்கும் பேராசிரியர் குறித்துக்கொள்ளும் இடமும் அதுதான். ஆகவே ஒரு வாரத்துக்கு ஒரு வகுப்பு வீதம் புத்தகத்தை எடுங்கள். விடை காண்பதற்காகப் படிக்காதீர்கள். ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு பக்கத்தில் மூன்றே விஷயம் எழுதுங்கள்: இது புரிய முன்பே என்ன தெரிந்திருக்க வேண்டும், பிள்ளை எங்கே தவறும், ஏன் தவறும்.

அந்த “ஏன்” புத்தகத்தில் கிடைக்காது. ஆறாவதோ ஏழாவதோ படிக்கும் ஒரு பிள்ளையிடம் 0.5, 0.35 இரண்டில் எது பெரியது என்று கேளுங்கள். பலர் 0.35 என்பார்கள். “தப்பு” என்று சொன்னால் அடுத்த நொடியே விடையை மாற்றிக்கொள்வார்கள், நினைப்பு மாறியிருக்காது. “எப்படிக் கண்டுபிடிச்சே?” என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். “அஞ்சைவிட முப்பத்தஞ்சு பெருசு” என்று வரும். முழு எண்ணுக்குக் கற்ற விதியைத் தசமத்துக்கும் போட்டிருக்கிறது, அவ்வளவுதான். ஐம்பது பைசா, முப்பத்தைந்து பைசா என்று கேட்டுப் பாருங்கள், அதுவே சரி செய்துகொள்ளும். பிள்ளை பேசி முடிக்கும்வரை வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் இதில் கடினமான பயிற்சி.

உளவியல் தாளுக்கும் இதே வழிதான். குழந்தையின் சிந்தனை வளர்ச்சிக்கு உளவியலாளர் பியாஜே சொன்ன நான்கு நிலைகளை வயதோடு ஒப்பிக்க ஒரு மணி நேரம் போதும்: 0–2, 2–7, 7–11, அதற்கு மேல். அவை எதைச் சொல்கின்றன என்று தெரிய உங்கள் வீட்டு டபராவும் டம்ளரும் வேண்டும். ஒரே மாதிரியான இரண்டு டம்ளரில் சம அளவு தண்ணீர் எடுத்து, ஐந்து வயதுக் குழந்தை “ரெண்டும் சமம்” என்று ஒப்புக்கொண்ட பிறகு, ஒன்றை மட்டும் டபராவில் ஊற்றிக் காட்டுங்கள். எதில் அதிகம்? பெரும்பாலும் டம்ளரைக் காட்டும், மட்டம் உயரமாகத் தெரிவதால். எட்டு வயதுப் பிள்ளை “அதைத்தானே இதுல ஊத்துனீங்க” என்று சொல்லும். இதை ஒருமுறை கண்ணால் பார்த்தவருக்குத் தேர்வில் பத்து மதிப்பெண் கேள்வி ஒரு பாரமாக இருக்காது.

கல்வி வரலாற்றுக்குக் கைடு மனப்பாடம் செய்யாமல் ஒரே தாளில் ஒரு காலக்கோடு வரையுங்கள். 1835 மெக்காலே குறிப்பு, 1854 உட் அறிக்கை, 1952–53 இலட்சுமணசாமி முதலியார் தலைமையிலான இடைநிலைக் கல்விக் குழு, 1964–66 கோத்தாரி குழு, கல்வி பொதுப்பட்டியலுக்கு (மத்திய, மாநில அரசுகள் இரண்டும் சட்டம் இயற்றக்கூடிய பட்டியல்) போன 1976, கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009, அது நடைமுறைக்கு வந்த ஏப்ரல் 1, 2010. இந்தக் கோடு இருந்தால் வகுப்பில் சொல்வதெல்லாம் தானாக அதில் போய் ஒட்டிக்கொள்ளும்.

நுண்ணிலைக் கற்பித்தல் (மைக்ரோ டீச்சிங்)தான் எல்லோரையும் முதலில் மிரட்டும். கேள்வி கேட்பது, கரும்பலகையில் எழுதுவது போன்ற ஒரே ஒரு கற்பிக்கும் திறனை எடுத்து 6 நிமிடம் கற்பிக்க வேண்டும். 6 நிமிடம் சக மாணவர்கள் குறை நிறை சொல்வார்கள். 12 நிமிடத்தில் திட்டத்தை மாற்றி, மறுபடி 6 நிமிடம் கற்பித்து, மறுபடி 6 நிமிடம் கேட்க வேண்டும். மொத்தம் 36. ஆறு நிமிடத்தில் முழுப் பாடத்தையும் நடத்தப் பார்ப்பதால்தான் இது கெடுகிறது. கைபேசியில் நேரம் வைத்து வீட்டிலேயே பழகுங்கள். கரும்பலகையில் நான்கு வரி எழுதிவிட்டு, கடைசி பெஞ்ச் தூரத்துக்குப் போய் நின்று படியுங்கள். வரி கீழே சரிவதும், எழுத்து போகப்போகச் சிறுப்பதும் அங்கிருந்துதான் தெரியும்.

பாடத் தொடக்கத்துக்கு ஒரு மாதிரி. ஆறாம் வகுப்பில் பரப்பளவு. டெல்டாவில் எல்லார் காதிலும் குழி, மா, வேலி விழுந்திருக்கும். 12 அடிக்கு 12 அடி ஒரு குழி, 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. மா என்றால் 14,400 சதுர அடி, ஏறத்தாழ 33 சென்ட். நல்ல தொடக்கம்தான். ஆனால் “உங்க வீட்டுல எத்தனை மா நிலம்?” என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள். வகுப்பில் பாதிப் பேர் கூலி வேலைக்குப் போகிறவர்கள் வீட்டுப் பிள்ளைகளாக இருக்கலாம். ஒரு பிள்ளை தலையைக் குனிந்துகொண்டால் அன்றைய பாடம் அதற்கு முடிந்தது. கயிறும் சுண்ணாம்புப் பொடியும் எடுத்துக்கொண்டு மைதானத்துக்குப் போங்கள். ஒரு குழியைப் போடச் சொல்லுங்கள். சுற்றி நடந்தால் 48 அடி, உள்ளே 144 சதுர அடி. சுற்றளவும் பரப்பளவும் குழம்பும் இடம் அங்கேயே தெளிந்துவிடும். பிறகு, “பக்கத்தை 24 அடி ஆக்கினால் எத்தனை குழி?” என்று கேளுங்கள். “ரெண்டு” என்றுதான் முதல் பதில் வரும். போட்டுப் பார்க்கட்டும், நான்கு வரும். நிலம் இல்லாத பிள்ளையும் அங்கே கயிற்றின் ஒரு முனையைப் பிடித்திருக்கும்.

டெட் பற்றிச் சுருக்கமாக: இரண்டாம் தாளில் 150 கேள்வி. குழந்தை மேம்பாடு 30, தமிழ் 30, ஆங்கிலம் 30, கணிதமும் அறிவியலும் சேர்ந்து 60. கணிதக்காரர்கள் கோட்டைவிடுவது அந்த அறிவியலில்தான். ஆகவே கணக்குப் புத்தகங்களோடு ஆறு முதல் எட்டு வரை அறிவியலையும் ஒருமுறை வாசித்துவிடுங்கள். டெட் ஒரு தகுதித் தேர்வு. வேலைக்குத் தனியாகப் போட்டித் தேர்வு இருக்கிறது. அதற்கான கோச்சிங்கை இரண்டாம் வருடம் யோசிக்கலாம்.

பள்ளிப் பயிற்சி முதல் வருடம் 4 வாரம், இரண்டாம் வருடம் 16 வாரம். வாரம் ஐந்து நாள் என்றால் 16 வாரத்துக்கு 80 நாள். 90 விழுக்காடு 72. எட்டு நாள்தான் கையில் இருக்கும். கல்யாணம், காய்ச்சல், பஸ் வராத நாள் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். பள்ளியைத் தேர்ந்தெடுக்க விட்டால், பெரிய பள்ளி என்று பார்க்காமல், காலை வழிபாட்டுக்கு முன் போய்ச் சேரும் டவுன் பஸ் இருக்கும் பள்ளியாகப் பாருங்கள். பயிற்சி ஐப்பசி, கார்த்திகையில் விழுந்தால் மழை விடுமுறையில் பாடம் தள்ளிப்போகும். நடத்திய பாடத்தில் பிள்ளைகள் எவ்வளவு கற்றார்கள் என்று பார்க்க நீங்கள் வைக்கும் அடைவுத் தேர்வைக் கடைசி வாரத்துக்கு வைக்காதீர்கள். தாளைத் திருத்தி, சராசரியும் திட்ட விலக்கமும் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற அளவு) போட்டு ரெக்கார்டில் எழுத நாள் வேண்டும். சார்ட்டுகளைச் சுருட்டி பிளாஸ்டிக் குழாயில் போட்டு எடுத்துப் போங்கள். ஸ்கெட்ச் பேனா மை ஒரு தூறலுக்கே கரைந்துவிடும்.