மொறிஸ் மைனரில் கறள் பிடித்த பிரேக் பைப்: கசியும் துண்டை மட்டும் மாற்றினால் போதுமா?

கேட்டவர் யாழ்ப்பாணத்தில் ஒரு மொறிஸ் மைனர் கார் வைத்திருக்கிறார். பின் சில்லுக்குப் போகும் பிரேக் பைப் கறள் பிடித்து ஓரிடத்தில் கசிகிறதாம். அந்தத் துண்டை வெட்டிவிட்டு ஒரு ஜொயின்ற் போடலாமா என்று கேட்கிறார்.

தயவுசெய்து போடாதீர்கள். முழுப் பைப்பையும் மாற்றுங்கள். நான் துண்டு போட்டு ஓடியவன், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

அப்பாவின் கார் 1959ஆம் ஆண்டு மைனர். இதேபோல ஓரிடத்தில் ஈரம் கண்டது. ஒரு கராஜில் வெட்டி ஜொயின்ற் போட்டுத் தந்தார்கள். ஐந்தாறு மாதம் ஒரு குறையும் இல்லை. பிறகு ஒரு மார்கழி மாலை, அம்மாவோடு வேலணைத் தீவிலிருந்து கடலேரிக்கு மேலால் போகும் பண்ணைப் பாலத்தால் வரும்போது பெடல் ஒரேயடியாகத் தரைக்குப் போய்விட்டது. மைனரில் நாலு சில்லுக்கும் ஒரே பிரேக் ஒயில் சுற்றுத்தான். எங்கே உடைந்தாலும் நாலும் போகும். கைபிரேக் கேபிளில் வேலை செய்வதால் அது மட்டும் மிஞ்சியது. மூன்றாம் கியர், இரண்டாம் கியர் என்று இறக்கி, கைபிரேக்கை இழுத்து நிறுத்தினேன். முன்னால் ஒருவர் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தார். அவருடைய முதுகு இன்றைக்கும் கண்ணுக்குள் நிற்கிறது.

உடைந்தது ஜொயின்ற் அல்ல. அதிலிருந்து ஓரடி தள்ளி, பைப்பைப் பிடிக்கும் கிளிப்புக்கு அடியில்.

கோண்டாவிலில் ஒரு வயதான மெக்கானிக் காரைத் தூக்கி வைத்து, "தம்பி, இஞ்சை பாரும்" என்று ஸ்க்ரூ ட்ரைவரால் சுரண்டிக் காட்டினார். வெளியே கறுப்பாக, நல்லதுபோல இருந்த பைப், வெங்காயத் தோல் மாதிரி உரிந்து வந்தது. ஒவ்வொரு கிளிப்புக்குள்ளும் சேறும் உப்பும் அடைந்து ஈரம் காயாமல் இருந்திருக்கிறது. கடலேரிக்கு நடுவே ஓடும் காருக்கு வேறு என்ன நடக்கும்? கசிகிற இடம் முதலில் தோற்ற இடம், அவ்வளவுதான். மற்றவை வரிசையில் நிற்கின்றன.

பைப்பின் விட்டம் ஒன்றரை நூல், அதாவது 3/16 அங்குலம். செம்பும் நிக்கலும் கலந்த பைப் கிடைத்தால் அதையே வாங்குங்கள்: கறள் பிடிக்காது, கையாலேயே வளையும். குளிரூட்டிக்குப் போடும் வெறும் செம்புப் பைப் வேண்டவே வேண்டாம். அதிர்வில் இறுகி வெடித்துவிடும். பழைய பைப்பை நெளிக்காமல் கழற்றி, அதையே அச்சாக வைத்து வளையுங்கள். நுனியை விரிக்கும் முன் நட்டைக் கோர்த்துவிடுங்கள். நுனி விரிப்பில் இரண்டு வகை உண்டு, பழைய நுனியைப் பார்த்து அதே வகையாகச் செய்யுங்கள். அப்புறம், முன்னால் இரண்டும் பின்னால் ஒன்றுமாக உள்ள ரப்பர் ஹோஸ்களையும் சேர்த்தே மாற்றுங்கள். உள்ளே ஊதிப்போன ஹோஸ் பிரேக்கை விடாமல் பிடித்துக்கொள்ளும்.

நம் ஊரில் எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் கழுவும் பழக்கம் உண்டு. போரின்போது பெற்றோல் வராத பொருளாதாரத் தடைக்காலத்தில் காரையே மண்ணெண்ணெயில் ஓட்டியவர்கள் நாங்கள். ஆனால் பிரேக் சாமானில் அது படவே கூடாது: உள்ளே இருக்கும் ரப்பர் ஊதிக் கெட்டுவிடும். புது பிரேக் ஒயிலாலேயே கழுவுங்கள். அந்த ஒயில் பெயின்றில் பட்டால் பெயின்ற் உரியும், உடனே தண்ணீர் ஊற்றுங்கள்.

பைப்புக்குள் புகுந்த காற்றை வெளியே எடுப்பதற்கு முன் பிரேக் ஷூக்களைச் சரியாக அட்ஜஸ்ட் பண்ணுங்கள், இல்லாவிட்டால் எத்தனை முறை காற்று எடுத்தாலும் பெடல் கீழேதான் நிற்கும். தூரத்துச் சில்லிலிருந்து, அதாவது பின் இடப்பக்கத்திலிருந்து தொடங்குங்கள். முடிந்ததும் ஒருவரைப் பெடலை ஒரு நிமிடம் இறுக்கி மிதித்திருக்கச் சொல்லிவிட்டு, கீழே ஒவ்வொரு நட்டையும் காய்ந்த துணியால் தொட்டுப் பாருங்கள்.

மைனரில் பிரேக் ஒயில் நிற்கும் மாஸ்ரர் சிலிண்டர் சாரதியின் காலடியில் ஒளிந்திருப்பதால் ஒயில் குறைவது கண்ணில் படாது. முதல் ஒரு கிழமை காலையில் கார்ப்பெற்றைத் தூக்கிப் பாருங்கள். ஒரு நூல் இறங்கியிருந்தாலும் அன்று காரை வளவை விட்டு எடுக்க வேண்டாம்.