68 வயதில் புதிதாக நண்பர்கள் கிடைப்பார்களா?

கேள்வி: எனக்கு 68 வயது. மனைவி இறந்து இரண்டு வருடம் ஆகிறது. மகள் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கலாமென்று இடம் மாறி வந்துவிட்டேன். இங்கே ஒருவரையும் தெரியாது. மூத்தோர் சங்கம் ஒன்றுக்கு இரண்டு தடவை போனேன். எல்லோரும் ஏற்கெனவே கூட்டாளிகளாக இருக்கிறார்கள். நான் பேசியதும் யாருக்கும் பிடித்ததாகத் தெரியவில்லை. காது வேறு கொஞ்சம் மந்தம். இந்த வயதில் புது நட்பெல்லாம் சாத்தியமா?

பதில்: சாத்தியம்தான். ஆனால் இரண்டு தடவை போய்விட்டு முடிவுக்கு வந்தது அவசரம். உங்களைப் போல இடம் மாறி வந்தவர்களையும், கல்லூரியில் புதிதாகச் சேர்ந்த மாணவர்களையும் வைத்து அமெரிக்க ஆய்வாளர் ஜெஃப்ரி ஹால் 2018-ல் ஒரு கணக்குச் சொன்னார். தெரிந்தவர் என்ற நிலையிலிருந்து சாதாரண நண்பராக ஏறக்குறைய 50 மணி நேரம், நல்ல நண்பராக 90 மணி நேரம், நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கு மேல் சேர்ந்து கழிக்க வேண்டியிருக்கிறதாம். ஆளுக்கு ஆள் இது மாறும். இருந்தாலும் அளவு புரிகிறதல்லவா? வாரம் ஒருநாள் இரண்டு மணி நேரம் என்றால் 50 மணி சேரவே ஆறு மாதம் ஆகும். நீங்கள் இதுவரை செலவழித்தது நான்கு மணி நேரம் இருக்குமா?

இளவயதில் இந்தக் கணக்கை யாரும் போட்டதில்லை, போடத் தேவையும் இருந்ததில்லை. பள்ளி, விடுதி, அலுவலகம் என்று ஒரே முகங்களைத் தினமும் பார்க்கும் ஏற்பாடு தானாக அமைந்திருந்தது. பணி ஓய்வோடு அது நின்றுபோகிறது. உங்கள் குணத்தில் ஏதோ கோளாறு என்று நினைக்காதீர்கள். ஏற்பாடு இல்லை, அவ்வளவுதான். அதை இப்போது நாமே அமைத்துக்கொள்ள வேண்டும்.

அதனால் புதுப்புது இடங்களுக்குப் போய் நிறைய பேரைச் சந்திப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒரே இடம், ஒரே கிழமை, பெரும்பாலும் அதே ஆட்கள். பத்துப் பன்னிரண்டு பேருக்கு மேல் போகாமல், கைக்கு ஏதாவது வேலை இருந்தால் இன்னும் நல்லது. செடி வளர்ப்பு, சதுரங்கம், சேர்ந்திசை, நடைப்பயிற்சி, நூலகத்தில் தன்னார்வப் பணி என்று எதுவாகவும் இருக்கலாம். சொற்பொழிவு கேட்கும் கூட்டங்கள் இதற்கு உதவாது. எல்லோரும் மேடையைப் பார்த்து உட்கார்ந்துவிட்டு எழுந்து போய்விடுவார்கள். முடிந்தால் அங்கே சின்னப் பொறுப்பு ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். நாற்காலி எடுத்துப் போடுவது, வருகைப் பதிவேடு வைத்திருப்பது போதும். பேச்சைத் தொடங்க வேறு காரணம் தேட வேண்டியிருக்காது. ஒரு வாரம் வராவிட்டால் ‘எங்கே காணோம்?’ என்றும் கேட்பார்கள்.

வெறுமனே போய் வருவதற்கே பலன் உண்டு. 1992-ல் வெளியான ஓர் ஆய்வில், ஒரு கல்லூரி வகுப்பில் சில பெண்களை உட்காரவைத்தார்கள். ஒருவர் ஐந்து வகுப்புக்கு வந்தார், இன்னொருவர் பத்துக்கு, மற்றொருவர் பதினைந்துக்கு. யாரோடும் அவர்கள் பேசவில்லை. கடைசியில் படத்தைக் காட்டிக் கேட்டபோது, அதிக நாள் வந்தவரையே மாணவர்களுக்கு அதிகம் பிடித்திருந்தது.

‘நான் பேசியது பிடிக்கவில்லை’ என்கிறீர்கள். இதைப் பெரும்பாலும் நம்ப வேண்டாம். முன்பின் தெரியாதவர்களைப் பேசவைத்துப் பிறகு தனித்தனியாகக் கேட்ட ஆய்வு ஒன்று 2018-ல் வந்தது. மற்றவருக்குத் தங்களை எவ்வளவு பிடித்தது என்பதை அவர்கள் பொதுவாக உண்மையைவிடக் குறைவாகவே மதிப்பிட்டார்கள். நீங்கள் சங்கடத்தோடு வீடு திரும்பியபோது எதிரில் இருந்தவரும் அதே சங்கடத்தில் இருந்திருக்கலாம்.

அடுத்து, காது. கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் முதலில் கண்ணில் பட்டது. காது மந்தமானவர்கள் இரைச்சலான கூட்டத்தில் பாதி கேட்டு, மீதிக்குத் தலையாட்டிச் சமாளிப்பார்கள். பார்ப்பவருக்கு அது ஒட்டாத மனிதர்போலத் தெரியும். உங்களுக்கோ எல்லோரும் உங்களை விட்டுவிட்டுப் பேசுவதுபோல இருக்கும். முதலில் செவித்திறன் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். கருவி தேவையென்றால் தயங்காதீர்கள். பழகச் சில வாரம் ஆகும், முதல் நாளே கழற்றி வைத்துவிடக் கூடாது. கூட்டத்தில் சுவருக்கு முதுகு காட்டி, நன்றாகக் கேட்கும் காது ஆட்கள் பக்கம் இருக்கும்படி உட்காருங்கள். ‘எனக்கு இந்தக் காது சரியாகக் கேட்காது, கொஞ்சம் இந்தப் பக்கம் வந்து பேசுகிறீர்களா?’ என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

சில வாரம் கழித்து யாராவது ஒருவரோடு பேச்சு ஒட்டும். அவரும் உங்களைப் போலப் புதிதாக வந்தவராக இருந்தால் இன்னும் எளிது. அப்போது சங்கத்துக்கு வெளியே ஒரு சந்திப்பைக் கேளுங்கள். ‘ஒருநாள் பார்க்கலாம்’ என்றால் அந்த நாள் வரவே வராது. ‘வியாழக்கிழமை முடிந்ததும் அரை மணி நேரம் நடக்கலாமா?’ என்று நாளையும் நேரத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். மறுத்தால் அதைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாமல், இரண்டு வாரம் விட்டு இன்னொரு முறை கேளுங்கள். அப்புறம் விட்டுவிடலாம்.

இதெல்லாம் நடக்கும்வரை பழைய நண்பர்கள் இருக்கிறார்களே! பல வருடம் பேசாதவரைத் திடீரென்று அழைக்கக் கூச்சமாக இருக்கும். ஆனால் எதிர்பாராமல் வரும் அழைப்பு நாம் நினைப்பதைவிட அதிகமாகவே மகிழ்ச்சி தருகிறது என்று ஆய்வுகளும் சொல்கின்றன. வாரம் ஒருவரை அழையுங்கள். அழைக்கக் காரணம் எதுவும் வேண்டியதில்லை.

இணையத்தில் அறிமுகமாகிறவர்களோடு பேசுவதில் தப்பில்லை. நேரில் பார்த்தறியாத ஒருவர் பணம் கேட்டால், என்ன அவசரம் சொன்னாலும் அதோடு நிறுத்திவிட்டு மகளிடம் சொல்லுங்கள்.

தூக்கம், பசி, எதிலும் ஈடுபாடு இல்லாமல் இரண்டு வாரத்துக்கு மேல் போனால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். துணையை இழந்த துக்கம் மனச்சோர்வாக மாறியிருக்கலாம். அதற்குச் சிகிச்சை இருக்கிறது, சங்கம் மட்டும் போதாது.

சரி, அதே சங்கத்துக்கே திரும்பப் போவதா? ஆறு மாதம் தவறாமல் போய்ப் பாருங்கள். அதற்குப் பிறகும் பேர் சொல்லிக் கூப்பிட ஒருவர்கூட இல்லையென்றால் வேறு குழு தேடுங்கள்.