சேலத்தில் எங்கள் கல்லூரி விழாவில் ஐந்து நிமிடத்துக்கு ஒரு பகடி போடப் போகிறோம். மிமிக்ரிக்கும் அதற்கும் என்ன வித்தியாசம்? எப்படி எழுதுவது?

சேலத்துக் கல்லூரி மேடை, ஐந்து நிமிட உருப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். அதை வைத்தே சொல்கிறேன்.

மிமிக்ரியில் ஒருவருடைய குரலையும் உடம்பையும் பிடிக்கிறோம். பகடியில் பிடிக்க வேண்டியது ஒரு எழுத்தின், பாட்டின், படத்தின் கட்டுமானத்தை. அதற்குள் கொஞ்சமும் பொருந்தாத சரக்கை வைத்துவிட்டு முகத்தை இறுக்கமாக வைத்துக்கொள்ள வேண்டும். தொல்காப்பியம் சொல்லும் அங்கதம் வேறு, அது வசை. பகடி யாரையும் வையாமலும் நிற்கும்.

கல்யாணப் பத்திரிகையை எடுத்து, தட்டுவடை செட்டை (இரண்டு தட்டுவடைக்கு நடுவில் சட்னியும் துருவிய காய்கறியும் வைத்துத் தரும் சேலத்துத் தள்ளுவண்டித் தீனி) உள்ளே வைத்துப் பாருங்கள்:

“திருவளர்செல்வன் கீழ்த்தட்டுவடைக்கும் திருநிறைசெல்வி மேல்தட்டுவடைக்கும், இருவீட்டுச் சட்னிகள் முன்னிலையில், துருவிய பீட்ரூட்டும் கேரட்டும் அட்சதையாக விழ, மாலை 6.00 மணிக்கு மேல் 6.05 மணிக்குள் தள்ளுவண்டி மகாலில் நடைபெறும் திருமணத்துக்கு, மணமக்கள் நமுத்துப்போகுமுன் சுற்றமும் நட்பும் சூழ வந்திருந்து...”

சிரிப்பு வருவது அந்த ஐந்து நிமிடத்தில்தான். முகூர்த்தம் வழக்கமாக ஒன்றரை மணி நேரம். சட்னி பட்ட தட்டுவடை அதுவரை தாங்காது. ‘திருநிறை’யும் சும்மா போட்டதில்லை. வீட்டின் கடைசிக் கல்யாணத்துக்குப் போடும் சொல் அது. வண்டியில் மிஞ்சிய கடைசித் தட்டுவடைக்குச் சரியாக உட்காரும். ‘திருமிகு’ என்று தப்பாகப் போட்டால் பத்திரிகை தெரிந்தவர்கள் சிரிக்க மாட்டார்கள்.

சொதப்புவது பெரும்பாலும் இரண்டு இடத்தில். மூலம் கூட்டத்துக்குத் தெரியாமல் இருப்பது முதலாவது. முதல் வரியிலேயே பாதிப் பேருக்கு அடையாளம் தெரியவில்லை என்றால் விட்டுவிட்டு வேறு எடுங்கள். அடுத்தது, எல்லாவற்றையும் மாற்றிவிடுவது. பத்துச் சொல்லில் ஏழு அப்படியே இருக்கட்டும், மூன்றை மாற்றினால் போதும். (நடுவில் நடிகர்களே சிரித்துத் தொலைப்பதை ஒத்திகையில்தான் சரிசெய்ய முடியும்.)

சினிமா மெட்டில் எழுதி யூடியூபில் ஏற்றும் எண்ணம் இருந்தால் கவனம். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் பகடிக்கென்று தனி விலக்கு கிடையாது. 52ஆம் பிரிவில் விமர்சனத்துக்குத் தரும் இடத்தை வைத்துத்தான் வாதாட வேண்டும். கல்யாணப் பத்திரிகை, பஸ் ஸ்டாண்ட் அறிவிப்பு, ஏற்காட்டுக் கொண்டை ஊசி வளைவு எச்சரிக்கைப் பலகை மாதிரி பொதுவான வடிவங்களில் அந்தத் தொல்லை இல்லை.