கொரோனாவுக்குப் பிறகு மனமுடைந்திருக்கும் அம்மாவுக்கு எப்படி உதவுவது?

கொரோனா வந்து ஐந்து மாதமாகியும் அம்மாவுக்கு அசதி தீரவில்லை, லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) "சோம்பல்" என்கிறார்கள், அழுகிறார் என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் "இது நோய்தான், நான் நம்புறேன்" என்று அவரிடம் சொல்லுங்கள். நம்பாத பேச்சுதான் மனசை அதிகம் உடைக்கும்.

தேயிலைக் கொழுந்துக் கூடையோடு மலையேறிய அன்று நன்றாகவே இருப்பார். பெரும்பாலும் 12 முதல் 48 மணி நேரம் கழித்துத்தான் படுத்துவிடுவார். ஆகவே தெம்பான நாளிலும் களைப்பு வருமுன்னே நிறுத்தவேண்டும். பீலியில் (பொதுத் தண்ணீர்க் குழாயில்) தண்ணீர் பிடிப்பதை நீங்கள் செய்யுங்கள். ரொட்டிக்கு மா பிசைவதை அவர் உட்கார்ந்து செய்யட்டும், வீட்டில் தன் கை இருக்கிறது என்ற நிறைவு அவருக்கு வேண்டும்.

எல்லாம் மனக்கவலை என்று முடிவுகட்டுமுன் இரத்தச்சோகை, தைரொயிட் சோதனை கேளுங்கள். இரண்டு கிழமைக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாவிட்டால் அரசாங்க ஆஸ்பத்திரி மனநலக் கிளினிக்குக்குக் கூட்டிப்போங்கள். சாவைப் பற்றிப் பேசினால் தனியே விடாதீர்கள். பூச்சிமருந்து, மாத்திரைகளை அப்புறப்படுத்தி உடனே இலங்கையின் தேசிய மனநல உதவி எண்ணான 1926க்கு அழையுங்கள்.